மேசை மேல் ஒரு காடு

(பரிசளிப்பு விழாவில் ஆற்றிய உரை)



நம் ஊர் டுரியான் துங்கால். ஒற்றை டுரியான் என்று அதற்குப் பொருள். தனிமரம் தோப்பாகாது என்பார்கள் நம் பெரியவர்கள். ஆகவே ஒரு தோப்பையே உண்டாக்கும் வழியை இன்று சொல்ல வந்திருக்கிறேன். நிலம் வேண்டாம், வீட்டு மேசை போதும்.

பொம்மைப் படைகளை மேசையில் நிறுத்தி, அளவுகோலால் தூரம் அளந்து, பகடை உருட்டிப் போர் நடத்தும் விளையாட்டு ஒன்று உண்டு. பொம்மைப் போருக்கென்றே ஆங்கில எழுத்தாளர் எச். ஜி. வெல்ஸ் 1913-இல் ஒரு நூல் எழுதினார். இந்த விளையாட்டில் வீரனைப் போலவே காடும் முக்கியம். காட்டுக்குள் புகுந்த படை மெதுவாகத்தான் நகரும். வெளியே இருப்பவன் கண்ணுக்கும் தெரியாது.

இது வெறும் விளையாட்டு விதியா? இல்லீங்க. 1942 ஜனவரி 14-ஆம் நாள், கெமாஸுக்கு அருகே கெமஞ்சே பாலத்தில், ஆஸ்திரேலியப் படை சாலையோரக் காட்டில் பதுங்கியிருந்தது. சைக்கிளில் வந்த ஜப்பானியர் பாலத்தைக் கடந்துகொண்டிருந்தபோது பாலத்தைத் தகர்த்துத் தாக்கியது. மறைத்தது காடு.

சரி, செய்முறைக்கு வருவோம். 300-இல் ஒரு பங்கு அளவு என்று வைத்துக்கொள்ளுங்கள். ஆள் உயரம் 6 மில்லிமீட்டர். 20 மீட்டர் மரம் ஏறக்குறைய 6.7 சென்டிமீட்டர். "புள்ள விளையாடியே கெட்டுப்போகுது" என்று கவலைப்படும் பெற்றோர்களே, இங்கேயே விகிதக் கணக்கு வந்துவிட்டது, பார்த்தீர்களா?

பழைய மின்சாரக் கம்பியின் உள்ளே இருக்கும் மெல்லிய செம்பு இழைகள் பத்தை எடுத்து முறுக்குங்கள். அது அடிமரம். மேல்நுனிகளைப் பிரித்தால் கிளை. கீழ்நுனிகளை விரித்தால் வேர். பசை தடவி மரத்தூளில் புரட்டிக் காயவையுங்கள். ஸ்பாஞ்சைப் பொடியாகக் கிள்ளிப் பச்சைச் சாயத்தில் நனைத்து, உலர்த்திக் கிளைகளில் ஒட்டினால் இலை. மரத்தை ஒரு பழைய சட்டைப் பொத்தானில் ஒட்டி நிறுத்துங்கள். காட்டின் எல்லையை அட்டையில் வளைந்து நெளிந்து வெட்டி, மரங்களை அதன்மேல் சும்மா வையுங்கள், ஒட்ட வேண்டாம். படை உள்ளே நுழையும்போது மரத்தை எடுத்துவிடலாம். காடு எது என்பதை அட்டை காட்டும்.

பெருங்காடு என்றால் மரங்கள் உயரம் ஏறி இறங்கி, கலைந்து நிற்க வேண்டும். ரப்பர் தோட்டம் என்றால் நிரை பிசகக் கூடாது. 1896-இல் டான் சாய் யான் ரப்பர் பயிரிட்ட புக்கிட் லிந்தாங் நம் மலாக்காவில்தானே இருக்கிறது! ஊசியால் அடிமரத்தில் பால்வெட்டையும் கீறிவிடுங்கள். பிறகு தாத்தா பாட்டியிடம் காட்டுங்கள். "வெட்டு இடப்பக்கம் மேலே இருக்கணும், வலப்பக்கம் கீழே இறங்கணும்" என்று திருத்துவார்கள். ரப்பர் போய்ச் செம்பனையும் வீடமைப்பும் வந்துவிட்ட இந்நாளில், அந்த ஒரு கீறலால் எத்தனை கதை வெளிவரும் தெரியுமா?

அந்தக் கதைகளில் சயாமும் இருக்கும். ஆட்டம் முடிந்ததும் விழுந்த பொம்மையை எடுத்துப் பெட்டியில் வைக்கிறோம். நாளைக்கு அது மறுபடி நிற்கும். 1942–43-இல் சயாம்-பர்மா ரயில் பாதைக்கு மலாயாத் தோட்டங்களிலிருந்து பல்லாயிரம் தமிழர்கள் கொண்டுபோகப்பட்டார்கள். 415 கிலோமீட்டர் பாதை, அதுவும் காடுதான். திரும்பி வராதவர்கள் எத்தனையோ பேர்.

மாணவச் செல்வங்களே, காட்டைச் செய்யுங்கள், ஆடுங்கள், வெல்லுங்கள். ஆனால் பொம்மையைப் பெட்டிக்குள் வைக்கும்போது, எழுந்து வராத நம் மக்களையும் ஒரு நிமிடம் நினைத்துக்கொள்ளுங்கள்.