திரும்பி வர ஒரு வீடு



லூக்கா நற்செய்தி 15ஆம் அதிகாரத்தில் வரும் இளைய மகனை நாம் அனைவரும் அறிவோம். தன் பங்குச் சொத்தை வாங்கிக்கொண்டு தொலைநாடு சென்றான். கையில் இருந்ததையெல்லாம் செலவழித்தான். பஞ்சம் வந்தபோது பசியால் வாடினான். ஆனாலும் எல்லாம் போன பிறகும் அவனுக்கு ஒன்று மீதமிருந்தது. திரும்பிப் போக ஒரு வீடு இருந்தது; அங்கே வழிபார்த்துக் காத்திருக்க ஒரு தந்தை இருந்தார்.

அப்படி ஒரு வீடு இல்லாத பிள்ளைகளைப் பற்றி இன்று சிந்திப்போம். குழந்தைகள் இல்லங்களில் வளரும் பிள்ளைகள் 18 வயது நிறைந்ததும் வெளியே வருகிறார்கள். அதுவரை உணவு, உடை, மருந்து, பள்ளிக் கட்டணம் அனைத்தையும் இல்லமே பார்த்துக்கொண்டது. நம் வீட்டுப் பிள்ளைகள் கடைக்குப் போய் மீதிச் சில்லறையை எண்ணி வாங்கும்போதே பணத்தைப் பற்றிக் கற்றுக்கொள்கிறார்கள். மாதக் கடைசியில் பெற்றோர் பேசுவதைக் கேட்டும் கற்றுக்கொள்கிறார்கள். இல்லத்துப் பிள்ளைகளுக்கு இந்த வாய்ப்பு அரிது.

2015ஆம் ஆண்டின் இளைஞர் நீதிச் சட்டம், இல்லத்தைவிட்டு வந்த பிறகும் 21 வயது வரை அவர்களுக்குத் துணைசெய்ய வழி வகுக்கிறது. ‘மிஷன் வாத்சல்யா’ திட்டத்தில் மாதம் 4000 ரூபாய் உதவிக்கு இடமுண்டு. மாவட்டக் குழந்தைகள் பாதுகாப்பு அலகில் இதைக் கேட்டு அறியலாம். ஆனால் பணம் கைக்கு வந்தால் மட்டும் போதுமா? கைப்பேசியில் நொடியில் கடன் தரும் செயலிகள் காத்திருக்கின்றன. “உன் வங்கிக் கணக்கைக் கொஞ்ச நாள் கொடு, கமிஷன் தருகிறோம்” என்பவர்களும் இருக்கிறார்கள். அவர்கள் செய்யும் மோசடிக்கு, கணக்குக்கு உரிய பிள்ளையைத்தான் காவல்துறை முதலில் தேடி வரும்.

தூரின் நகரின் ஆதரவற்ற சிறுவர்களுக்குத் தந்தையான புனித தொன் போஸ்கோ இதை நன்கு உணர்ந்திருந்தார். 1850இல் தம் இளைஞர்களுக்காக ஒரு பரஸ்பர உதவிச் சங்கம் அமைத்தார். ஞாயிறுதோறும் ஒவ்வொருவரும் ஒரு சிறு நாணயம் செலுத்தினர். நோயுற்றவருக்கும் வேலை இழந்தவருக்கும் அது கைகொடுத்தது. 1852இல் ஒரு சிறுவனைத் தச்சுவேலைக்கு அனுப்பியபோது, எழுத்து ஒப்பந்தம் செய்து தாமும் கையொப்பமிட்டார். கூலி எவ்வளவு, திருநாள்களில் ஓய்வு உண்டா என்பதெல்லாம் அதில் இருந்தது. வேலைக்கு அனுப்பியதோடு தம் கடமை முடிந்தது என்று அவர் இருந்துவிடவில்லை.

நாம் என்ன செய்யலாம்? நம் பங்கின் எல்லைக்குள் இல்லம் இருந்தால், பிள்ளைகளுக்கு 16 வயதாகும்போதே நிர்வாகிகளைக் கலந்துபேசித் தொடங்குவோம். சிறு தொகை ஒன்றை அவர்கள் பொறுப்பில் விட்டு, வரவு செலவு எழுதப் பழக்குவோம். வங்கிக்கு அழைத்துச் சென்று, படிவங்களை அவர்களே நிரப்பட்டும். அஞ்சலகத்தில் மாதம் 100 ரூபாயிலிருந்தே தொடர் வைப்புக் கணக்கு தொடங்கலாம். 18 வயதானதும் ஆண்டுக்கு 20 ரூபாயில் 2 லட்சம் ரூபாய் விபத்துக் காப்பீடு பெறலாம். ஓடிபி எண்ணை யாரிடமும் சொல்லக் கூடாது, இணைய மோசடியில் பணம் போனால் உடனே 1930ஐ அழைக்க வேண்டும் என்பதையும் சொல்லிக்கொடுப்போம்.

ஆனால் அவர்களுடைய ஏடிஎம் அட்டையை நாம் வாங்கி வைத்துக்கொள்ள வேண்டாம். அது அவர்கள் பணம், தீர்மானமும் அவர்களுடையதே. முதல் மாதச் சம்பளம் முழுவதும் புதுக் கைப்பேசிக்கே போய்விடலாம். நம் பிள்ளைகள் அப்படிச் செய்தபோது கடிந்துகொண்டோம். ஆனாலும் சோறு போட்டோம், அடுத்த மாதக் கணக்கைச் சேர்ந்து பார்த்தோம். அந்த உறவுதான் இந்தப் பிள்ளைகளுக்கும் தேவை. வங்கிப் படிவத்தில் நாமினி என்ற இடத்தில் யார் பெயரை எழுதுவது என்று திகைத்து நிற்கும் பிள்ளைக்கு அறிவுரை மட்டும் போதாது.

ஆகவே ஒவ்வோர் அன்பியமும் இப்படி ஒரு பிள்ளைக்கு உறவாக முன்வரட்டும். கிறிஸ்து பிறப்புக்கும் உயிர்ப்புப் பெருவிழாவுக்கும் அந்தப் பிள்ளை தயங்காமல் வந்து உணவருந்த ஒரு வீடு இருக்கட்டும். ‘பணத்தில் ஏமாந்துவிட்டேன்’ என்று வெட்கப்படாமல் வந்து சொல்லக்கூடிய வீடாகவும் அது இருக்கட்டும்.

தந்தையே இறைவா, துணையின்றித் தொலைநாடு செல்லும் பிள்ளைகளுக்கு எங்கள் வீட்டுக் கதவுகளைத் திறந்து வைக்கும் மனதை எங்களுக்குத் தாரும். ஆமென்.