மலாக்காவின் சட்டமும் மன்னனும்



கும்மிடிப்பூண்டிக்குக் கிழக்கே, ஏரியும் கடலும் கூடுமிடத்தில் பழவேற்காடு என்னும் ஊர் உள்ளது. இன்று மீனவர் ஊராக விளங்கும் அத்துறையிலிருந்து, ஐந்நூறு ஆண்டுகளுக்கு முன்னர், துணிப்பொதிகளை ஏற்றிய கப்பல்கள் கீழ்க்கடலைக் கடந்து மலாக்காவுக்குச் சென்றன. அவ்வாறு செல்லும் வணிகன் அயல்நாட்டுத் துறைமுகத்தில் முதலில் நாடுவது யாது? நீதியே அன்றோ! அந்நீதியை மலாக்கா எவ்வாறு பேணிற்று, எவ்விடத்தில் தவறிற்று என்பதையே இன்று சொல்ல விழைகின்றேன்.

1400ஆம் ஆண்டையொட்டிப் பரமேசுவரன் என்பவர் மலாக்கா அரசை நிறுவினார். அவ்வரசில் சுல்தானுக்கு அடுத்த நிலையில் இருந்தவர் முதலமைச்சராகிய பெண்டகாரா. காவலுக்குத் தெமெங்கோங், கடற்படைக்கு லக்சமானா எனப் பொறுப்புகள் வகுக்கப்பட்டிருந்தன. பண்டாரம் என்ற சொல்லும் இலக்குவன் பெயரும் இப்பதவிப் பெயர்களில் ஒலிப்பதைக் கவனியுங்கள். துறைமுகத்தில் ஷாபந்தர் எனப்படும் அதிகாரிகள் நால்வர் இருந்தனர். அவர்களுள் ஒருவர் குசராத்தியரைக் கவனித்தார். சோழமண்டலம், வங்காளம், பெகு, பாசாய் ஆகிய இடங்களிலிருந்து வந்தோரை மற்றொருவர் கவனித்தார். சாவகம் முதலிய தீவினர்க்கும், சீனம் முதலிய நாட்டினர்க்கும் ஏனைய இருவர் இருந்தனர்.

15ஆம் நூற்றாண்டில் உருவான மலாக்காச் சட்டநூல், மலாய் மக்களின் வழக்காறுகளையும் இசுலாமிய நெறியையும் இணைத்தது. கடலோடிகளுக்கெனத் தனிச் சட்டமும் எழுந்தது. கப்பலில் நகோடா என்னும் தலைவனே அரசனுக்கு ஒப்பானவன் என்று அது கூறிற்று. ஆயினும் புயலில் பாரத்தைக் குறைக்கச் சரக்கைக் கடலில் எறிய நேர்ந்தால், பொருளுடையோர் அனைவரையும் அவன் கலந்து பேசவேண்டும். இழப்பும் அவரவர் பங்குக்கேற்பப் பகிரப்படவேண்டும்.

1512 முதல் சில ஆண்டுகள் அங்கிருந்த போர்த்துகீசியர் தோமே பிரெஸ் மற்றொரு முறையையும் எழுதிவைத்துள்ளார். மேற்கிலிருந்து வந்த சரக்குக்கு நூற்றுக்கு 6 வீதம் சுங்கம். சரக்கை மதிப்பிடுவதில் கொடுமை நிகழாதிருக்கப் பத்து வணிகர் அழைக்கப்பட்டனர். அவர்களுள் ஐவர் நம் கரையைச் சேர்ந்தோர். ஐவர் பிற நாட்டார். தெமெங்கோங்கின் முன்னிலையில் அவர்கள் விலையை உறுதி செய்தனர். கடல் கடந்து வந்தவனுக்கும் அவையில் இடம் இருந்தது என்பது எத்துணைப் பெருமை!

இத்தகைய நகரம் 1511இல் அல்புகர்க்கிடம் வீழ்ந்தது. “பீரங்கிதானே காரணம், ஐயா?” என்று மாணவர்கள் என்னை வகுப்பில் கேட்பதுண்டு. பீரங்கியும் ஒரு காரணமே. ஆனால் அதற்கு முந்திய ஆண்டில் நிகழ்ந்ததையும் பாருங்கள் என்பேன்.

அப்போது பெண்டகாராவாக இருந்தவர் தமிழ் முஸ்லிம் வழிவந்த துன் முத்தாகிர். வணிகர் இருவரின் பகையிலிருந்து, அவர் அரியணையைக் கைப்பற்ற எண்ணுகிறார் என்ற பழி எழுந்தது. அது லக்சமானா வழியாகச் சுல்தான் மஹ்மூத் ஷாவின் செவிக்கு எட்டியது. அவர் விசாரணை செய்யவில்லை. பெண்டகாராவும் அவர் குடும்பத்து ஆடவரும் கொல்லப்பட்டனர். பழி பொய்யென்று பின்னர் அறிந்து சுல்தான் வருந்தியதாகச் செஜாரா மெலாயு என்னும் மலாய் வரலாற்று நூல் கூறுகிறது. பொற்கொல்லன் சொல்லை நம்பிக் கோவலனைக் கொல்வித்த பாண்டியனை இங்கே நீங்கள் நினைவுகூர்வீர்கள். ஆராயாத தீர்ப்பின் தன்மை மதுரையிலும் மலாக்காவிலும் ஒன்றே.

ஒரு மூட்டைச் சரக்கை எறியவும் கலந்து பேசவேண்டும் என்று நகோடாவைப் பணித்த நாட்டில், முதலமைச்சரின் உயிரைப் போக்க ஒருவர் சினம் போதுமானதாயிற்று. அடுத்த ஆண்டு பகைவன் வாயிலில் நின்றபோது, அனுபவம் மிக்க அமைச்சர் உயிரோடில்லை.

இன்று பழவேற்காட்டுக்குத் தெற்கே காட்டுப்பள்ளியிலும் எண்ணூரிலும் பெருந்துறைமுகங்கள் உள்ளன. உங்களுள் பலர் அங்கோ, கும்மிடிப்பூண்டித் தொழிற்சாலைகளிலோ, அரசு அலுவலகங்களிலோ அதிகாரம் ஏற்பீர்கள். பிறர்க்கு விதிக்கும் சட்டத்தின்கீழ் நாமும் நிற்கின்றோமா என்று அந்நாளில் உங்களை நீங்களே கேட்டுக்கொள்ள வேண்டும். ஒருவர்மீது குற்றம் கூறப்படும்போது, அவர் சொல்லையும் கேட்டபின்னரே முடிவு செய்யுங்கள்.