எலிக்கூடு என்றோர் எழில் தீவு

மேற்கு ஆஸ்திரேலியாவின் ஃபிரிமாண்டில் துறைமுகத்தில் படகேறினால், ஏறத்தாழ அரை மணியில் ராட்னெஸ்ட் தீவை அடையலாம். நீளம் 11 கிலோமீட்டர். வெண்மணலும் நீலக்கடலும் வெயிலும் அங்கே தாராளம். சொந்த மோட்டார் வண்டிக்கு இடமில்லை. ஆகவே சைக்கிளே வாகனம். நெடுங்காலத்திற்குப் பின் நானும் ஏறினேன். தீவு மேடு பள்ளமானது என்பதை முதலில் கண்டறிந்தவை என் முழங்கால்களே!

1696-இல் இங்கு வந்த டச்சு மாலுமி விளாமிங், பூனையளவுப் பிராணிகளைக் கண்டு பேரெலிகள் எனக் கருதி, 'எலிக்கூடு' என்று பொருள்படப் பெயரிட்டார். உண்மையில் அவை குவாக்கா; கங்காருவின் சிற்றுறவினர். சிரித்த முகத்துடன் கடை வாயிலுக்கே வந்து நிற்கின்றன. தொடுவதும் உணவளிப்பதும் குற்றம். விருந்தோம்பிப் பழகிய கைக்கு இது பெருஞ்சோதனை.

ஆயினும் இத்தீவுக்கு மூத்த பெயர் ஒன்றுண்டு. நூங்கார் மக்கள் இதனை வாஜமப் என்பர். 1838 முதல் 1931 வரை பழங்குடி ஆடவரும் சிறுவரும் சுமார் 4,000 பேர் இங்கே சிறைவைக்கப்பட்டு வேலை வாங்கப்பட்டனர். 370-க்கும் மேற்பட்டோர் மாண்டனர். அவர்களது இடுகாட்டின்மீது 2007 வரை உல்லாசப் பயணிகளின் கூடாரங்கள் நின்றன. சிறைக் கட்டடமே 2018 வரை விடுதியாக இருந்தது.

எலியென்று அழைத்ததைக் குவாக்கா பொருட்படுத்தவில்லை, இன்றும் சிரிக்கிறது. மனிதருக்கு இழைத்ததோ அவ்வாறு மறையக்கூடியதன்று. அங்கே செல்வோர் கடலாடுங்கள், களியுங்கள். அந்த இடுகாட்டருகே மட்டும் சைக்கிளைவிட்டு இறங்கிச் சற்று நில்லுங்கள்.