பின்னறை வரைக்கும் வைஃபை

(நம் சங்கத்தின் காலாண்டுக் கூட்டத்தில் பேசியதன் எழுத்து வடிவம். அன்று வர முடியாதவர்கள் கேட்டுக்கொண்டதால் செய்தி மடலில் வெளியாகிறது.)



செயலாளர் என்னைப் பேசச் சொன்னபோது, "நான் பி.காம். படித்து, வங்கியில் குமாஸ்தாவாக இருந்து ஓய்வு பெற்றவன். இன்ஜினீயர்கள் இத்தனை பேர் இருக்கும் இடத்தில் வைஃபை பற்றி நான் பேசுவதா?" என்று கேட்டேன். "அவர்கள் சொன்னால் பாதிப் பேருக்குப் புரிவதில்லை, நீங்களே சொல்லுங்கள்" என்றார். அதனால்தான் நிற்கிறேன்.

போன மழைக்காலத்தில் ஒரு சாயங்காலம் நான் மருந்துக் கடைக்குப் போயிருந்தேன். வீட்டில் என் மனைவி பின்னறைக் குளியலறை வாசலில் வழுக்கி விழுந்துவிட்டார். கட்டிலில் கிடந்த போனை எப்படியோ நகர்ந்து போய் எடுத்து, எனக்கு நான்கு முறை அழைத்திருக்கிறார். ஒன்றுகூட எனக்கு வரவில்லை. அந்த அறையில் செல்போன் சிக்னல் கிடையாது. வைஃபை வழியாகத்தான் அழைப்பு போக வேண்டும். வைஃபையோ ஒரே ஒரு கோட்டில் ஊசலாடிக்கொண்டிருந்தது. அரை மணி நேரம் கழித்து நான் வந்துதான் பார்த்தேன். மணிக்கட்டில் எலும்பு முறிவு. இப்போது நன்றாக இருக்கிறார்.

அந்த அறையில் வைஃபை சரியில்லை என்பது எனக்கு முன்பே தெரியும். பேத்தியோடு வீடியோவில் பேசும்போது படம் அப்படியே நின்றுவிடும். "ஹாலுக்கு வந்து பேசேன்" என்று சொல்லிவிட்டு நான் பேப்பர் படிப்பேன். தெரிந்தும் செய்யாமல் இருந்தது என் தவறு. அதைச் சரிசெய்யப் போய்க் கற்றுக்கொண்டதைத்தான் உங்களுக்குச் சொல்கிறேன்.

முதலில் நான் செய்த இரண்டு வீண் வேலைகள். 100 எம்.பி.பி.எஸ். திட்டத்தை 200 ஆக மாற்றினேன். ஹாலில் வேகம் கூடியது, பின்னறையில் ஒன்றும் மாறவில்லை. ஓவர்ஹெட் டேங்கில் தண்ணீர் நிறைய இருந்து என்ன செய்ய, குழாய் அடைத்திருந்தால்? அடுத்து, பிளக்கில் சொருகும் ரிப்பீட்டர் ஒன்று வாங்கினேன். போனில் நான்கு கோடும் வந்தது, ஆனால் வேகம் வரவில்லை. ரிப்பீட்டர் என்பது ஹாலுக்கும் அறைக்கும் நடுவில் நின்று, கேட்டதைத் திருப்பிக் கத்தும் ஆள் மாதிரி. ஒவ்வொரு வார்த்தையும் இரண்டு முறை சொல்லப்படுவதால் சாதாரண ரிப்பீட்டரில் வேகம் ஏறத்தாழ பாதியாகிவிடும். அவர் காதிலேயே அரைகுறையாக விழுந்தால் கத்துவதும் அரைகுறைதான்.

நம் வீடுகளில் ரவுட்டர் வாசல் கதவுக்கு மேலே இருக்கிறது, ஃபைபர் அங்கே நுழைகிறது என்பதால். அங்கிருந்து பின்னறைக்கு நடுவே கான்கிரீட் தூண், செங்கல் சுவர், டைல்ஸ் ஒட்டிய குளியலறை, இரும்பு பீரோ. வைஃபையில் வழக்கமாக இரண்டு அலைவரிசைகள் உண்டு. 5 கிகாஹெர்ட்ஸ் வேகமானது, ஆனால் சுவரைத் தாண்டுவதில் சோடை. 2.4 கிகாஹெர்ட்ஸ் கொஞ்சம் தூரம் போகும், வேகம் குறைவு. இரண்டு மூன்று சுவருக்குப் பிறகு இரண்டுமே களைத்துவிடும்.

வழி ஒன்றுதான். பின்னறை வரை இணையத்தைக் கம்பியில் கொண்டுபோங்கள். அங்கே ஒரு பெட்டி வைத்து, கடைசிப் பத்தடியை மட்டும் காற்றில் அனுப்புங்கள். அந்தப் பெட்டிக்குப் பெயர் அக்சஸ் பாயிண்ட். புதிதாக வாங்கலாம். பரணில் கிடக்கும் பழைய ரவுட்டரும் போதும். நான் பழையதைத்தான் பயன்படுத்தினேன்.

இங்கே ஒரு விஷயத்தைப் புரிந்துகொண்டால் மற்றதெல்லாம் சுலபம். எங்கள் கிளையில் டெஸ்பாட்ச் கிளார்க் ஒருவர் இருப்பார். எந்தப் பிரிவின் கடிதமானாலும் அவர் வழியாக, கிளையின் முகவரியோடுதான் வெளியே போகும். பதில் வந்தால் குறிப்பு எண்ணைப் பார்த்து, எந்த மேஜைக்கு என்று அவர்தான் பிரித்துக் கொடுப்பார். உங்கள் வீட்டு வாசலில் இருக்கும் ரவுட்டர் செய்வது இந்த வேலைதான். இதை கேட்வே என்கிறார்கள். வீட்டுக்குள் இருக்கும் ஒவ்வொரு போனுக்கும் டிவிக்கும் ஐ.பி. முகவரி என்ற எண்ணைக் கொடுப்பதும் அதுவே. அந்த வேலைக்கு டி.ஹெச்.சி.பி. என்று பெயர்.

பழைய பித்தளை டோக்கன் நினைவிருக்கிறதா? இரண்டு பேர் தனித்தனியாக 1 முதல் டோக்கன் கொடுத்தால், கேஷியர் "14" என்று கூப்பிடும்போது இரண்டு பேர் எழுந்து வருவார்கள். வீட்டில் இரண்டு ரவுட்டர்களும் எண் கொடுத்தால் அதே குழப்பம். சில சமயம் இணையம் வரும், சில சமயம் வராது, காரணமே தெரியாது. டோக்கன் கொடுப்பவர் ஒருவர்தான் இருக்க வேண்டும். பின்னறைப் பெட்டி வெறும் கூடுதல் கவுன்டர்.

இனி செய்முறை. பழைய ரவுட்டரை ரீசெட் செய்து, வேறெதிலும் இணைக்காமல் ஒரு கம்ப்யூட்டரோடு மட்டும் இணையுங்கள். அதன் செட்டிங்ஸ் பக்கத்தைத் திறந்து, முதலில் அட்மின் பாஸ்வேர்டை மாற்றுங்கள். "அக்சஸ் பாயிண்ட் மோட்" என்று ஒரு தேர்வு இருந்தால் அதைப் போட்டால் போதும், கேபிளை எந்தத் துளையில் சொருகுவது என்பதையும் அதன் கையேடு சொல்லும். இல்லையென்றால் இரண்டு மாற்றங்கள். கேட்வேயின் எண் 192.168.1.1 என்றால், இதற்கு 192.168.1.2 கொடுங்கள். கேட்வே மற்ற கருவிகளுக்கு வழங்கும் எண் வரிசைக்குள் அந்த 2 வராமல் பார்த்துக்கொள்ளுங்கள். அடுத்து, டி.ஹெச்.சி.பி.யை நிறுத்துங்கள். கேட்வேயின் லேன் துளையிலிருந்து வரும் கேபிளை, இதன் லேன் துளையில் சொருகுங்கள். தனி நிறத்தில் இருக்கும் வேன் துளையில் சொருகாதீர்கள். சொருகினால் வீட்டுக்குள்ளேயே இரண்டாவது டெஸ்பாட்ச் கிளார்க் உட்கார்ந்துவிடுவார்.

வைஃபை பெயர், பாஸ்வேர்டு, பாதுகாப்பு வகை மூன்றையும் ஹாலில் இருப்பது போலவே வையுங்கள். அறைக்கு அறை நடக்கும்போது போன் தானாக மாறிக்கொள்ளும். சில போன்கள் பழைய இடத்தையே பிடித்துக்கொண்டிருக்கும். அப்போது ஹால் ரவுட்டரின் சக்தியைக் கொஞ்சம் குறைத்தால் விட்டுவிடும்.

கேபிள் விஷயத்தில் சிக்கனம் வேண்டாம். கேட் 6 கேட்டு வாங்குங்கள், முழுத் தாமிரமா என்று விசாரியுங்கள். அலுமினியத்தின் மேல் தாமிரம் பூசியதும் மலிவாகக் கிடைக்கிறது. உள்ளே இருக்கும் எட்டுக் கம்பிகளையும் இணைக்கச் சொல்லுங்கள். நான்கோடு நிறுத்தினால் வேகம் 100 எம்.பி.பி.எஸ்.ஸைத் தாண்டாது. 100 மீட்டர் வரை தாங்கும் என்பதால் நம் வீட்டு அளவுக்குக் கவலை இல்லை. மின்சார வயர் போகும் பைப்பில் இதை விடாதீர்கள். பழைய கேபிள் டிவி பைப் சும்மா இருந்தால், அந்தப் பழைய வயரின் முனையில் இதைக் கட்டி இழுக்கலாம். சுவரை உடைக்க வேண்டியதில்லை. வீட்டுக்கு வெள்ளையடிக்கப் போகிறவர்கள் அதற்கு முன்பே இதை முடித்துவிடுங்கள். பொது ஷாஃப்ட் வழியாகக் கொண்டுபோவதாக இருந்தால் சங்கத்தில் சொல்லிவிட்டுச் செய்யுங்கள்.

என் செலவுக் கணக்கு: கேபிள் 20 மீட்டர் 600 ரூபாய், முனைகளும் சுவர்ப் பெட்டியும் 250, எலெக்ட்ரீஷியன் கூலி 700. ஆக 1,550. ரிப்பீட்டருக்குக் கொடுத்த பணத்தை நஷ்டக் கணக்கில் எழுதிவிட்டேன். 200 திட்டத்தைப் பழையபடி 100 ஆக்கிக்கொண்டேன்.

இன்னொன்று. கரண்ட் போனால் இரண்டு பெட்டியும் அணையும், அழைப்பும் போகாது. இரண்டையும் இன்வெர்ட்டர் லைனில் போடுங்கள். ஃபைபர் பெட்டி தனியாக இருந்தால் அதையும் சேர்த்து.

கடைசியாக, அக்கம்பக்கத்தாராக ஒரு வேண்டுகோள். என் ஹாலில் நின்று பார்த்தால் 23 வீட்டு வைஃபை தெரிகிறது. 2.4 கிகாஹெர்ட்ஸில் ஒன்றோடொன்று மோதாத சேனல்கள் மூன்றுதான்: 1, 6, 11. இடைப்பட்ட எண்ணில் வைத்தால் இரண்டு பக்கத்துக்கும் தொந்தரவு. உங்கள் இரண்டு பெட்டிகளுக்கும் இந்த மூன்றில் வெவ்வேறு எண் கொடுங்கள். சிக்னல் போதவில்லை என்று ஆளுக்கு ஒரு ரிப்பீட்டரைச் சொருகினால், எல்லோரும் கத்தும் கல்யாண மண்டபம் ஆகிவிடும், யார் பேசுவதும் யாருக்கும் கேட்காது. கம்பியில் கொண்டுபோனால் சக்தியைக் குறைத்தே வைக்கலாம். அது பக்கத்து வீட்டுக்கும் உபகாரம்.

இன்று வீட்டுக்குப் போனதும் ஒன்றே ஒன்று செய்யுங்கள். உங்கள் வீட்டில் மிகவும் உள்ளே தள்ளியிருக்கும் அறைக்குப் போய், கதவைச் சாத்திக்கொண்டு, வீட்டில் வேறொருவருக்குப் போன் செய்து பாருங்கள். குளியலறையிலும் செய்து பாருங்கள். மணி அடித்தால் நல்லது. அடிக்கவில்லை என்றால், அந்த அறையில் தூங்குவது யார் என்று யோசியுங்கள். பெரும்பாலும் வீட்டிலேயே வயதானவராகத்தான் இருப்பார்.

கேபிள் முனை போடும் கருவியும், கம்பி எட்டும் சரியாக இணைந்திருக்கிறதா என்று காட்டும் டெஸ்டரும் என்னிடம் இருக்கின்றன. காலை பத்து மணிக்கு மேல் வந்து வாங்கிக்கொள்ளலாம். காபியும் உண்டு. திருப்பிக் கொடுத்துவிட வேண்டும், வங்கிப் பழக்கம், நோட்டில் எழுதிக்கொள்வேன்.