ரசீதில் இல்லாத பெயர்

அறக்கட்டளைகளின் கணக்கைத் தணிக்கை செய்வது என் தொழில். பேர் கெட்ட பணக்காரர் ஒருவரிடம் ஒரு பல்கலைக்கழகம் நன்கொடை வாங்கியது என்று செய்தி வந்தால், எல்லோரும் அந்த ஆளைப் பற்றிப் படிப்பார்கள். நான் ரசீதை யார் பேருக்குப் போட்டார்கள் என்று தேடுவேன். இன்றைக்கும் அதைப் பற்றித்தான் பேசப்போகிறேன்.

ஜெஃப்ரி எப்ஸ்டீன் என்ற அமெரிக்கரின் பெயரை நீங்கள் கேள்விப்பட்டிருப்பீர்கள். 2008-இல் புளோரிடாவில், சிறுமி தொடர்பான பாலியல் குற்றத்தை ஒப்புக்கொண்டு சிறை சென்றவர். 2019 ஜூலையில் மறுபடியும் கைதாகி, விசாரணைக்கு முன்பே ஆகஸ்டில் சிறையில் இறந்துபோனார். அவரிடம் பணம் வாங்கியவற்றில் எம்.ஐ.டி.யும் ஒன்று. நம் குரோம்பேட்டை எம்.ஐ.டி. இல்லை, மாசசூசெட்ஸ் மாநிலத்துக் கேம்பிரிட்ஜ் நகரில் இருக்கும் தொழில்நுட்ப நிறுவனம். அங்கே வெளிவழக்கறிஞர்களை வைத்து விசாரித்து, 2020 ஜனவரியில் அறிக்கை வெளியிட்டார்கள். 2002 முதல் 2017 வரை 10 நன்கொடைகள், மொத்தம் 8,50,000 டாலர். அந்தப் பத்தில் ஒன்பது, 2008-க்குப் பிறகு வந்தவை.

ஆகவே 'தெரியாமல் வாங்கிவிட்டோம்' என்று சொல்ல வழியில்லை.

அந்த அறிக்கையில் என் கண் போய் நின்ற இடம் ஒன்று உண்டு. 2012-இல் ஒரு பேராசிரியரின் ஆய்வுக்காக இரண்டு தவணை, தலா 50,000 டாலர் வந்திருக்கிறது. தண்டனைக்குப் பிறகும் இவர்கள் தன் பணத்தை வாங்குவார்களா என்று ஆழம் பார்க்கவே எப்ஸ்டீன் அதை அனுப்பினார் என்கிறது அறிக்கை. வாங்கினார்கள். நிறுவனத் தலைவர் கையெழுத்துடன் நன்றிக் கடிதமும் போயிற்று. மறு ஆண்டு மூன்று துணைத் தலைவர்களுக்கு அவர் யார் என்பது தெரியவந்தது. அவர்கள் எடுத்த முடிவு: வாங்கலாம், ஆனால் தொகை சிறிதாக இருக்க வேண்டும், வெளியே தெரியக் கூடாது.

நேயர்களே, இந்த 'வெளியே தெரியக் கூடாது' என்பதை நான் நம் ஊர்களிலும் பார்த்திருக்கிறேன்.

ஒரு சிறுநகரத்தில் ஏழை மாணவர் விடுதி நடத்தும் அறக்கட்டளை. ரசீதுப் புத்தகத்தின் அடிக்கட்டைகளைப் புரட்டிக்கொண்டு வந்தேன். மாதா மாதம் ஒரே தொகை, பெயர் எழுத வேண்டிய இடத்தில் 'நலம் விரும்பி'. யார் என்று கேட்டேன். பொருளாளர் வயதில் பெரியவர், நல்லவர். "ஆடிட்டர் சார், பேரை எழுதினா ஊர் பேசும். பிள்ளைங்க சாப்பாடு நடக்குதே, விட்டுடுங்க" என்றார். அவர் தன் பைக்கு ஒரு காசு எடுக்கவில்லை என்பது எனக்குத் தெரியும். ஆனாலும் சொன்னேன்: "ஐயா, ஊர் பேசும்னு நீங்களே சொல்றீங்க. அப்போ இந்தப் பணம் எப்படிப்பட்டதுன்னு உங்களுக்கே தெரிஞ்சிருக்கு."

அடக்கத்தால் பெயரை மறைப்பவர்கள் இல்லையா என்று நீங்கள் கேட்பீர்கள். இருக்கிறார்கள். அதே மாவட்டத்தில் ஓய்வு பெற்ற ஆசிரியை ஒருவர், தன் ஓய்வூதியத்திலிருந்து ஒரு பள்ளிக்கு வகுப்பறை கட்டிக்கொடுத்தார். கல்வெட்டில் பெயர் போடவே கூடாது என்று பிடிவாதம் பிடித்தார். ஆனால் ரசீதில் அவருடைய முழுப்பெயர், முகவரி, பான் எண் எல்லாம் இருந்தன. கல்வெட்டில் பெயர் வேண்டாம் என்பது கொடுப்பவரின் அடக்கம். கேம்பிரிட்ஜில் நடந்தது வேறு. அங்கே மறைக்கச் சொன்னவர்கள், வாங்கியவர்கள்.

நம் வருமான வரிச் சட்டம் இதை ஓரளவு யோசித்திருக்கிறது. கோயில் உண்டியல் போன்றவற்றுக்கு விலக்கு உண்டு. மற்ற அறநிலையங்களுக்குப் பெயர் தெரியாத நன்கொடை ஓர் அளவுக்கு மேல் வந்தால் 30 சதவீத வரி. ஆனால் பெயர் தெரிந்தும் கூசாமல் வாங்குவதை அந்த விதி தடுக்காது. எம்.ஐ.டி. அறிக்கையும் அதையேதான் சொன்னது: விதி எதையும் மீறவில்லை, ஏனென்றால் இப்படிப்பட்ட நன்கொடைக்கு அங்கே விதியே இல்லை.

ஹார்வர்டு பற்றியும் சொல்ல வேண்டும். தமிழ் இருக்கைக்காக நம்மில் பலர் கைக்காசைப் போட்டோமே, அதே ஹார்வர்டுதான். 1998 முதல் 2008 வரை எப்ஸ்டீனிடம் 91 லட்சம் டாலர் வாங்கியிருந்தது. தண்டனைக்குப் பிறகு, அன்றைய தலைவர் ட்ரூ ஃபாஸ்ட் இனி வேண்டாம் என்றார். பேராசிரியர்கள் சிலர் அவர் பணத்தை மறுபடியும் வாங்க அனுமதி கேட்டபோதும் ஹார்வர்டு இசையவில்லை. அதை நான் மனமாரப் பாராட்டுகிறேன். ஆனால் முன்பு அவர் பணத்தால் தொடங்கிய ஆய்வு மையத்தில் அவருக்கென்று ஓர் அறை இருந்தது. உள்ளே போக அட்டை இருந்தது. 2010 முதல் 2018 வரை 40 தடவைக்கு மேல் வந்து போயிருக்கிறார். பணத்தை நிறுத்தியவர்கள் கதவைச் சாத்தவில்லை. அவருக்கு வேண்டியிருந்ததே அந்தக் கதவுதான். அறிஞர்கள் நடுவில் உட்காரும் மரியாதை.

'பணத்துக்கு ஏது பாவம், நல்ல காரியத்துக்குப் போனால் சரி' என்பவர்களுக்கு என் பதில் இதுதான்: அவர் பல்கலைக்கழகங்களில் அறிஞர்களோடு உலவியதை, அவரிடம் சிக்கிய பெண்கள் கேள்விப்பட்டிருந்தால்? தங்கள் பேச்சை யார் நம்புவார்கள் என்று அவர்கள் நினைத்திருக்க மாட்டார்களா? பின்னாளில் எம்.ஐ.டி. 8,50,000 டாலரையும், ஹார்வர்டு செலவாகாமல் எஞ்சியிருந்த பணத்தையும், பாதிக்கப்பட்டோருக்கு உதவும் அமைப்புகளுக்குக் கொடுத்தன. செய்ய வேண்டியதைச் செய்தார்கள். ஆனால் காலம் கடந்து.

எனக்குத் தந்த நேரம் முடிகிறது. உங்கள் ஊர்ப் பள்ளிக் குழுவிலோ முதியோர் இல்லத்திலோ சங்கத்திலோ நீங்கள் உறுப்பினராக இருந்தால், அடுத்த பொதுக்குழுவில் நன்கொடைப் பட்டியலைப் பெயரோடு உரக்க வாசிக்கச் சொல்லுங்கள். வாசிக்கத் தயங்கும் பெயர் ஏதாவது இருந்தால், அந்தப் பணத்தை அன்றே திருப்பி அனுப்புங்கள்.