எலிக்கு ஒன்பதரை அடி இடம் வேண்டும்
(பொதுக்குழுக் கூட்டத்தில் பேசியதன் எழுத்து வடிவம்)

தலைவர் ஐயா ஐந்து நிமிடம் கொடுத்திருக்கிறார். பிள்ளைகள் சார்பில் ஒரு கோரிக்கை வைக்க வந்திருக்கிறேன்.

நம் பிளாக் பிள்ளைகள் சிலர் 'மைக்ரோமவுஸ்' என்ற குட்டி ரோபோ செய்கிறார்கள். பெயர்தான் எலி, ரிமோட் கிடையாது. புதிர்ப்பாதையின் மூலையில் விட்டால், தானாகவே வழி கண்டுபிடித்து நடுக்கட்டத்தை அடைய வேண்டும். ஜப்பானில் 1980 முதல் இந்தப் போட்டி நடக்கிறது.

அதற்கு முந்தைய ஆண்டு நியூயார்க்கில் நடந்ததுதான் வேடிக்கை. அங்கே வெளியேறும் வழி ஓரத்தில் இருந்தது. எதையும் யோசிக்காமல், ஒரு பக்கச் சுவரை ஒட்டியே வேகமாக ஓடிய எலி, 'மூளை' வைத்த எலிகளை முந்திவிட்டது! பிறகுதான் இலக்கை நடுவுக்கு மாற்றினார்கள். இப்போது சுவரை மட்டும் நம்பும் எலி சுற்றிச் சுற்றி வந்துகொண்டே இருக்கும்.

பிள்ளைகள் எழுதும் புரோகிராம் இப்படி: நடுக்கட்டத்துக்கு 0, பக்கத்துக் கட்டத்துக்கு 1, அதற்கடுத்து 2 என்று எலி தன் நினைவில் எண் போட்டுக்கொள்ளும். எப்போதும் சிறிய எண்ணை நோக்கி நகரும். குறுக்கே புதிய சுவர் தெரிந்தால் எண்களைத் திருத்திவிட்டு மறுபடி கிளம்பும். முதலில் மெதுவாகத் தேடும். வழி தெரிந்தபின் பாய்ந்து ஓடும். அந்த ஓட்டத்தின் நேரம்தான் முக்கியம்.

இனி விஷயத்துக்கு வருகிறேன். பலகையில் 16-க்கு 16 கட்டங்கள், ஒவ்வொன்றும் 18 செ.மீ. மொத்தம் ஒன்பதரை அடிச் சதுரம். நம் வீட்டு பெட்ரூமில் கட்டிலை வெளியே போட்டால்தான் கொள்ளும். வாராவாரம் கழற்றி மாட்டினால் இணைப்புகள் மேடுபள்ளமாகி, எலி தடுக்கி நிற்கிறது. ஜன்னல் வெயில் பட்டாலும் சுவரைப் பார்க்கும் சென்சார் குழம்புகிறது.

ஆகவே கம்யூனிட்டி ஹாலின் பின்பக்கம், உடைந்த நாற்காலிகள் அடுக்கியிருக்கும் மூலையை ஆறு மாதத்துக்குக் கேட்கிறோம். ஹால் வாடகை வருமானம் குறையும் என்று பொருளாளர் கவலைப்படுவது நியாயம்தான். விசேஷம் புக் ஆன நாட்களில் பலகையை நான்காகப் பிரித்துச் சுவரோரம் நிறுத்திவிடுவோம். அதற்கு நான் பொறுப்பு. நாற்காலிகளை என்ன செய்வது என்பதைக் குழுதான் சொல்ல வேண்டும், மூன்று வருடமாக அங்கேயே இருக்கின்றன.

அப்பாக்களுக்கு ஒரு வார்த்தை: சால்டரிங்கைப் பிள்ளைகளே செய்யட்டும், பக்கத்தில் நின்றால் போதும்.

ஞாயிறு மாலை ஐந்து மணிக்கு ஓட்டிக் காட்டுவார்கள். வந்து பார்த்துவிட்டு முடிவு சொல்லுங்கள்.