அறுபத்தாறு வயதில் முதல் இசைத்தட்டு
(முன்னாள் மாணவர் சந்திப்பில் ஆற்றிய உரை)

 

செயலாளர் போனில் கூப்பிட்டு, "பத்து நிமிஷம் பேசுங்கண்ணே, தலைப்பு உங்க இஷ்டம்" என்றார். முப்பத்தேழு வருஷம் பேங்கில் இருந்தவன், சேமிப்பைப் பற்றித்தான் பேசுவான் என்று நினைத்திருப்பார். நான் ஒரு ஜாஸ் இசைத்தட்டைப் பற்றிப் பேசப் போகிறேன். எழுந்து போகாதீங்க, டீ வர இன்னும் நேரம் இருக்கு.

1993-ல் வந்த 'ஜுராசிக் பார்க்' படத்தை நீங்கள் எல்லோரும் பார்த்திருப்பீர்கள். அதில் கறுப்பு உடையில் ஒரு கணித நிபுணர் வருவாரே, "இது வேண்டாம்" என்று முதலிலிருந்தே சொல்லிக்கொண்டிருப்பாரே, அவர்தான் ஜெஃப் கோல்ட்ப்ளம். அவர் பியானோ வாசிப்பார் என்பது எனக்கு வெகுநாள் தெரியாது. 2018 நவம்பரில் அவருடைய முதல் ஜாஸ் தட்டு 'தி கேபிடல் ஸ்டுடியோஸ் செஷன்ஸ்' டெக்கா கம்பெனி மூலம் வெளிவந்தது. அப்போது அவருக்கு வயது அறுபத்தாறு.

இவர் 1952-ல் அமெரிக்காவில் பிட்ஸ்பர்க் பக்கத்தில் பிறந்தவர். அது இரும்பாலை ஊர். ஆனால் அந்த இரும்பாலைப் புகைக்குள்ளிருந்து பியானோக்காரர்கள் எத்தனை பேர் வந்திருக்கிறார்கள் பாருங்கள். எரால் கார்னர் அந்த ஊர், அஹ்மத் ஜமால் அந்த ஊர். மேரி லூ வில்லியம்ஸ், பில்லி ஸ்ட்ரேஹார்ன் இருவரும் வளர்ந்ததும் அங்கேதான். இதில் கார்னருக்கு நொட்டேஷன் படிக்கவே தெரியாது. காதால் கேட்டே வாசித்தவர். அப்படிப்பட்ட ஊரில் ஒரு டாக்டர் வீட்டுப் பையன் பியானோ கிளாஸுக்குப் போகிறான். எல்லாப் பிள்ளைகளையும் போல முதலில் அவனுக்கும் அது கசப்பு. தாளம் சற்றுத் தள்ளி விழுகிற ஒரு பாட்டை வாத்தியார் கொடுத்த பிறகுதான் பிடித்துக்கொண்டது.

பதினைந்து வயசு இருக்கும்போது அவர் செய்த காரியம் எனக்கு ரொம்பப் பிடிக்கும். டெலிபோன் டைரக்டரியை எடுத்து வைத்துக்கொண்டு, கதவைச் சாத்திவிட்டு, ஊரிலிருக்கும் மது விடுதிகளுக்கெல்லாம் வரிசையாகப் போன். "உங்களுக்குப் பியானோ வாசிக்க ஆள் வேணும்னு கேள்விப்பட்டேன்" என்று ஒரு பொய். பலர் "எங்ககிட்ட பியானோவே இல்லையே" என்றார்களாம். ஓரிருவர் வரச் சொன்னார்கள். பையன் போய் வாசித்தான்.

பதினேழு வயதில் நியூயார்க்குக்குப் போய், சான்ஃபோர்ட் மைஸ்னரிடம் நடிப்புப் படித்தார். 1974-ல் முதல் படம். 1986-ல் 'தி ஃப்ளை'. அதன் பிறகு அவருக்கு நேரமா இருந்திருக்கும்? ஆனாலும் பியானோவை விடவில்லை. தொண்ணூறுகளில் ஒரு குழு சேர்ந்தது. அதற்குப் பெயர் 'மில்ட்ரெட் ஸ்னிட்சர் ஆர்கெஸ்ட்ரா'. யாரோ பெரிய வித்வாம்சினி என்று நினைக்காதீர்கள். குடும்பத்துக்குத் தெரிந்த, நூறு வயது தாண்டி வாழ்ந்த ஒரு பாட்டியம்மாவின் பெயர்! படப்பிடிப்பு இல்லாத வாரங்களில் லாஸ் ஏஞ்சலஸில் ஒரு சின்ன உணவு விடுதியில் வாசிப்பார்கள். தட்டு போடணும் என்ற எண்ணமே இல்லை.

2017-ல் லண்டனில் ஒரு டி.வி. நிகழ்ச்சி. பாடகர் கிரெகரி போர்ட்டர், நாட் கிங் கோலின் பழைய பாட்டு ஒன்றைப் பாடினார். கோல்ட்ப்ளம் பியானோவில் பக்கவாத்தியம். அதைப் பார்த்துத்தான் டெக்காக்காரர்கள் கூப்பிட்டார்கள். ஹாலிவுட்டில் அந்த வட்டக் கட்டடம் இருக்கிறதே, கேபிடல் ஸ்டுடியோ, அதற்குள்ளேயே மேஜை நாற்காலி போட்டு, ஆட்களை உட்காரவைத்து, ஒரு ஜாஸ் கிளப் மாதிரி ஆக்கிப் பதிவு செய்தார்கள். தயாரிப்பாளர் லாரி க்ளைன். நாட் கிங் கோல் பாடிய அதே இடம் அது. கோலும் முதலில் பியானோக்காரர்தான், பாட்டு பிறகு வந்தது.

சரி, தட்டு எப்படி? உண்மையைச் சொல்கிறேன். பில் எவன்ஸ் கேட்ட காதுக்கு இவர் வாசிப்பு சாதாரணம். விரல் மின்னலாக ஓடாது. ஹெர்பி ஹான்காக்கின் 'கேண்டலோப் ஐலண்ட்' 1964-ல் வந்த உருப்படி. அதில் பியானோவில் திரும்பத் திரும்ப வரும் ஒரு சுழற்சி இருக்கிறது. அதை இவர் பத்திரமாகப் பிடித்துக்கொள்கிறார், அவ்வளவுதான். ஆனால் ஜெர்மனியின் டில் ப்ரோனர் டிரம்பெட்டை எடுக்கும்போதும், இமெல்டா மே பாடும்போதும் கவனியுங்கள். மனுஷன் அப்படியே பின்வாங்கி, இங்கே ஒரு கார்ட், அங்கே ஒரு கார்ட் என்று தட்டிக்கொடுத்து, மற்றவருக்கு இடம் விடுகிறார். சினிமாவில் ஒரு காட்சியில் நுழைந்தால் முழுக் காட்சியையும் விழுங்கிவிடும் நடிகர் இவர்! தன்னைவிடக் கெட்டிக்காரர்களைச் சுற்றி வைத்துக்கொண்டு சந்தோஷமாக வாசிப்பது தட்டு முழுக்கக் கேட்கிறது. நடுநடுவே ஜோக்கும் அரட்டையும் கொஞ்சம் அதிகம். எனக்கு அது அலுத்தது.

"அவர் நட்சத்திரம் சார், அதனால கூப்பிட்டாங்க" என்று பின்னாலிருந்து ஒரு தம்பி சொல்வது கேட்கிறது. வாஸ்தவம். பெயர் இல்லாதவனை டெக்கா திரும்பிப் பார்த்திருக்காது. ஆனால் தினமும் பியானோவில் உட்கார்வதை அவருக்காக வேறு யாரும் செய்யவில்லையே தம்பி.

இது ஏன் என்னைக் குத்தியது என்றால், 1985 வரை இந்தக் கல்லூரி மெல்லிசைக் குழுவில் ஆர்மோனியம் நான்தான். கடைசி வருஷம் வாடகைக்கு ஒரு காசியோ எடுத்து வாசித்து, விடுதியே விசில் அடித்தது. 1987-ல் பேங்க் வேலை. ஆர்மோனியம் பரணுக்குப் போனது. "வேலை விடலப்பா, டிரான்ஸ்ஃபர் விடலப்பா" என்று எல்லோரிடமும் சொன்னேன், என்னிடமும் சொல்லிக்கொண்டேன். 2024-ல் பிரிவு உபசார விழாவில் இளம் அலுவலர் ஒருவர் அன்பாகக் கீபோர்டைக் கொண்டுவந்து வைத்தார். நாற்பது பேர் முன்னால் நாலு வரி நகரவில்லை. எல்லோரும் கை தட்டினார்கள். எனக்குச் சோறு இறங்கவில்லை.

அதற்கு அடுத்த மாதம்தான் என் மகள் இந்தத் தட்டைப் போட்டுக் காட்டினாள். அரை மணி நேரம் ஒரு நாளைக்கு. முப்பத்தேழு வருஷத்தில் அந்த அரை மணி எனக்கு இல்லாமல் போனதா? சீட்டாட்டத்துக்கு இருந்ததே. மனைவியே கேட்டாள், பதில் சொல்ல முடியவில்லை.

ஆர்மோனியம் பரணிலிருந்து இறங்கிவிட்டது. துருத்தி கிழிந்திருந்தது, மாற்றியாச்சு. தினமும் விடியற்காலையில் வாசிக்கிறேன். மாடி வீட்டுக்காரர் ஒருமுறை வந்து கதவைத் தட்டினார், இப்போது ஆறரை மணி என்று உடன்பாடு. இன்று சாயந்திரம் ஆறு மணிக்கு, மேடைக்குப் பின்னால் நம்ம பழைய மியூசிக் ரூமில் பழைய குழு உட்காருகிறது. கிடார் கோயம்புத்தூரிலிருந்து வந்துவிட்டார். இரண்டு பாட்டு. பிழை வரும். தபேலாவுக்கு மட்டும் ஆள் இல்லை. மாணவர்களில் யாராவது வாசிப்பவர் இருந்தால் வாங்க தம்பி, வாங்கம்மா.